கணவரின் கடமை நிலையம்

இருவரும் மனமொத்து என்று
பதிவாளர் வாசிக்கையில்
முச்சக்கரவண்டிக்காரர் சிரித்துவிட்டார்.
இரண்டாம் சாட்சி அவர்தான்.
காத்திருந்ததற்குக் காசு வேண்டாமாம்,
நல்ல காரியமாம்.

நல்ல காரியம்தான்.
ஏழு வருடம் வவுனியாவில்
பின்னம் படிப்பித்தவளின் இடமாற்றப் படிவத்தில்
ஒரு கட்டம் வெறுமையாகவே கிடந்தது:
கணவரின் கடமை நிலையம்.

புவிதரனிடம் அது இருந்தது.
உன்னிச்சைக் குளம், நீர்ப்பாசனத் திணைக்களம்.
இல்லாதது வீடு.
எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு.
தங்கச்சியைக் கட்டி மச்சான் குடிவந்த நாளில்
அவனுடைய பாய் விறாந்தைக்கு வந்தது,
மறுகா
சைக்கிள் நிற்கும் பத்திக்கு.
என்னிடம் வவுணதீவில் உறுதி இருந்தது.
கூரை பாதி.

சீ.ஆர். கொப்பியில் எழுதினோம், நீல மையில்.
ஒன்று, கரண்ட் பில் பாதி பாதி.
இரண்டு, எங்கே போனாய் என்று கேட்பதில்லை.
மூன்று, இடமாற்றம் கிடைத்து ஒரு வருடம்,
அதோடு பிரியலாம்.
நாலாவதை அவன் பென்சிலால் எழுதினான்:
தண்ணி மோட்டரை இருபது நிமிசத்துக்கு மேல்
ஓட விடவேண்டாம்.

வெள்ளி இரவு பஸ் ஏறுவேன்.
விடியப்புறம் நாலு மணிக்கு
மட்டக்களப்பு பஸ் நிலையத்தில்
மோட்டார் சைக்கிளோடு நிற்பான்.
கொப்பியில் இல்லை அது.
"நித்திர வரல்ல" என்பான்.
இரண்டாவது ஹெல்மெட்டை எப்போது வாங்கினான் என்று
நானும் கேட்கவில்லை.
வலையிறவுப் பாலத்தில் இறால்காரரின் வெளிச்சங்கள்.
அவன் தோளைப் பிடிக்காமல்
பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு போன விடியல்கள்
பத்தொன்பது.
எண்ணியதற்குக் காரணம்
நான் கணித ஆசிரியை என்பது மட்டும்தான்.

தை இரண்டாம் திகதி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்திட்டேன்.
அதன்பின் ஒரே வீடு, இரண்டு நுளம்புவலை.
கொடுவாத் தலையை என் கோப்பைக்குத் தள்ளிவிட்டு
தனக்குப் பிடிக்காது என்பான்.
"அண்ணன் மீன்தலைக்கு அடிபிடிப்பட்டவன்" என்று
அவனுடைய தங்கச்சி ஒருநாள் வாய்தவறிச் சொன்னாள்.
நான் அவனிடம் சொல்லவில்லை.
தின்றேன்.

அடுத்த தை.
பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்க
இறப்பர்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போனான்.
மழை விடவில்லை.
வானொலியில்
உன்னிச்சையின் வான்கதவுகள் திறக்கப்பட்டன என்றும்
தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானம் என்றும்.
போனை எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை.
நனையக்கூடாதென்று கொப்பியை
அலுமாரிக்கு மேல் வைக்கப் போனபோதுதான்
திகதியைப் பார்த்தேன்.
வருடம் முடிந்து பதினொரு நாள்.
இரண்டு பேருமே மறந்திருக்கிறோம்,
அல்லது
இரண்டு பேருமே மறக்கவில்லை.

இரவு பத்து மணிக்கு
தண்ணீர் முதற்படிக்கு வந்தது.
பள்ளிக்கூடத்துக்கு ஏறும்படி
பக்கத்து வளவிலிருந்து கூப்பிட்டார்கள்.
நான் டோர்ச்சை அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவன் கை திறந்துவிட்ட தண்ணீர் இது.
குடலை வயலெல்லாம் ஏறி
றோட்டை அறுத்து
ஒரு பிளாஸ்டிக் கதிரையையும் இழுத்துக்கொண்டு
அவனுக்கு முன்னால்
வீட்டுக்கு வந்துவிட்டது.
உடுப்பைத் தூக்கிப் பிடிக்காமல்
அதற்குள் இறங்கினேன்.
குளிர்.

மூன்றாம் நாள்
உழவு இயந்திரப் பெட்டியில் தொங்கி வந்து குதித்தான்.
கண்ணைத் தவிர எல்லாம் சேறு.
"எங்க போனாய்?"
தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.
கொஞ்ச நேரம் நின்றான்.
"அது ரெண்டாவதுல வருது" என்றான்.
"கொப்பி நனைஞ்சி போச்சு."

நனைந்தது மோட்டர்தான்.
மாசி முழுக்கக்
கிணற்றில் அள்ளிக் குளித்தோம்.